மலையேறும் வண்டிக்கு உதிரிபாகம் வாங்குதல்: கடையா, இணையமா?

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்தில் எங்களுக்குள்ள சிறு காப்பித் தோட்டத்தின் வேலைகளுக்காக 2014-ஆம் ஆண்டில் வாங்கிய மகிந்திரா பொலேரோ இன்றும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே போகும்போது உர மூட்டை, இறங்கும்போது காப்பி மூட்டை அல்லது மிளகு, அறுவடைக் காலத்தில் ஆட்கள் என்று வண்டி காலியாகச் செல்லும் நாள்கள் குறைவு. அடிவாரத்துக்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கும் வண்டியில், சமவெளியில் ஓடும் வண்டியைக் காட்டிலும் பிரேக் லைனர், கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், டயரின் ஓரம் ஆகியவை வெகு சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. ஆகவே உதிரிபாகச் செலவு என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் மளிகைச் செலவைப் போல நிரந்தரமாக ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்டர், எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பாகம் விற்கும் ஸ்பேர்ஸ் கடைகள், இணையக் கடைகள் ஆகிய மூன்றிலும் நான் வாங்கியிருக்கிறேன். இன்றும் மூன்றிலும் வாங்குகிறேன்.

எங்கே விலை குறைவு என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் எதை எங்கே வாங்குவது என்பதற்கு விடை கிடைப்பதில்லை. வாங்கிய பாகம் வண்டியில் பொருந்தாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளும்போதுதான் விடை கிடைக்கிறது. பொருத்தத்தை நானே ஐயமின்றி உறுதிசெய்ய முடிந்த பொருள்களை இணையத்தில் வரவழைக்கிறேன். அவ்வாறு உறுதிசெய்ய முடியாதவற்றையும், பழுதானால் வண்டியை மலைச்சாலையின் நடுவே நிறுத்திவிடக் கூடியவற்றையும் சேலத்துக் கடையில், நூறு இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், பில் போட்டு வாங்குகிறேன்.

பொருத்தம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. 2000-ஆம் ஆண்டில் அறிமுகமான பொலேரோ, அதே பெயரிலும் ஏறத்தாழ அதே தோற்றத்திலும் இருந்துகொண்டே உள்ளுக்குள் பலமுறை மாறியிருக்கிறது. நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு அப்போது வரி குறைவு என்பதால், 2016-இல் 1.5 லிட்டர் எஞ்சினுடன் பவர் பிளஸ் என்ற வகை வந்தது. என்னுடைய வண்டியிலோ 2.5 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. தெருவில் அருகருகே நிறுத்தினால் பலருக்கு வேறுபாடே தெரியாத இந்த இரண்டு வண்டிகளுக்கும் எஞ்சினைச் சார்ந்த பாகங்கள் வேறு வேறு. இணையக் கடையில் 'பொலேரோவுக்குப் பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தால், அது எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று சொல்லாதவரை அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை.

சேலம் ஐந்து ரோட்டுப் பகுதியில் நான் வழக்கமாகச் செல்லும் கடையில் கவுன்டரில் நிற்பவர் எடுத்த எடுப்பிலேயே, "வண்டி நம்பர் வேண்டாங்க சார், சேஸ் நம்பரைச் சொல்லுங்க" என்பார். ஆர்சி புத்தகத்தில் இருக்கும், எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணைக் கொண்டு, எந்த மாதத்தில் எந்த எஞ்சினுடன் வெளிவந்த வண்டி என்பதைக் கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிட முடியும். அப்படியும் ஐயமிருந்தால் அவர் பழைய பாகத்தைக் கொண்டுவரச் சொல்வார். கழற்றிய கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்கி, நடுவிலுள்ள பற்களை விரலால் எண்ணி, புதியதன் மேல் வைத்து விட்டத்தைச் சரிபார்த்த பிறகே பில் போடுவார். உள்ளூர்க் கடையில் நாம் கொடுக்கும் கூடுதல் தொகை பெரும்பாலும் இந்த வேலைக்கான கூலிதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பாகத்தின் விலை இணையத்தில் தெரிந்துவிடும். இந்த வேலைக்குத் தனியாக விலை போட்டு யாரும் காட்டுவதில்லை என்பதால்தான் கடைக்காரர் அதிகம் வாங்குகிறார் என்ற எண்ணம் எழுகிறது.

இந்த வேலையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் வண்டியில் பார்த்தேன். காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர் மாதத்தில் கிளட்ச் நழுவத் தொடங்கியது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் ஒன்றை இணையத்தில், சேலத்து விலையைவிடக் கணிசமாகக் குறைத்து, அவருடைய மைத்துனர் வரவழைத்துக் கொடுத்தார். பொருள் உரிய நாளில் வந்தது. பெட்டியும் நல்ல பெட்டி. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிவைத்த பிறகுதான் பிளேட்டின் பற்கள் தண்டில் ஏறவில்லை என்பது தெரிந்தது. திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு முடிந்திருக்கவில்லை, பணமும் பின்னர் முழுமையாக வந்துவிட்டது. எனவே, இணையக் கடை தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். ஆனால் கியர்பாக்ஸை இறக்கிய கூலி, வண்டி நின்ற நாள்களில் மூட்டை இறக்க வாடகைக்கு எடுத்த ஜீப், பட்டறையில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதற்காக மெக்கானிக்கிடம் கேட்ட பேச்சு ஆகிய எதையும் எந்த விற்பனையாளரும் திருப்பித் தருவதில்லை. கடைசியில் சேலத்திலிருந்து வந்த செட்டின் விலையில் அவருக்கு வருத்தமே இருக்கவில்லை.

அதிலிருந்து நான் கைக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. பாகத்தின் விலையை முதலில் பார்ப்பதில்லை. அதை மாற்ற ஆகும் கூலியைத்தான் முதலில் கேட்கிறேன். வைப்பர் பிளேடு, ஏர் பில்டர், ஏசி பில்டர், பல்பு போன்றவற்றை நானே வீட்டு வாசலில் மாற்றிக்கொள்ளலாம்; தவறாக வந்தாலும் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினால் முடிந்தது. கிளட்ச், டைமிங் பாகங்கள், வீல் பேரிங், ஆயில் சீல் போன்றவற்றில் பாகத்தின் விலையைவிட அல்லது அதற்கு நிகராகக் கூலியாகிறது. கூலி பெரிதாக இருக்கும் எதையும் நான் இணையத்தில் வாங்குவதில்லை. இதில் மெக்கானிக்கின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவரே வாங்கிப் போட்ட பாகம் ஒரு மாதத்தில் போய்விட்டால் கூலியில்லாமல் மாற்றித் தருவார். நாம் கொண்டுபோய்க் கொடுத்த பாகத்துக்கு அவர் அவ்வாறு செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்தப் பெட்டியில் வாங்குவது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வண்டி நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. பிரேக் பாகங்களை பிரேக்ஸ் இந்தியா, லைனர்களை ரானே, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்நேட்டர் போன்றவற்றை லூகாஸ் டிவிஎஸ், இரு சக்கர வண்டிகளின் செயினைக் கோயம்புத்தூரின் எல்.ஜி.பி., மீட்டர்களை அதே ஊரின் பிரிக்கால் என்று நம் மாநிலத்து நிறுவனங்களே இந்தியாவெங்கும் வண்டி நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கின்றன. தம் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு அனுப்புகின்றன. வண்டி நிறுவனத்தின் முத்திரையிட்ட பெட்டியில் இருப்பதும், தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் இருப்பதும் விலையில் வேறுபடும். என் வண்டிக்கு அந்தப் பாகத்தை உண்மையில் செய்து கொடுத்தவர் யார் என்பது பழைய பாகத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றியதும் அதைத் துடைத்துப் படிப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். அதே பெயருள்ள பெட்டியை ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு வாங்கினால், கம்பெனி கவுன்டரின் விலையும் தவிர்க்கப்படும், பெயர் தெரியாத பாகமும் தவிர்க்கப்படும். அதே தயாரிப்பாளர் ஒரே பாகத்தை இரண்டு மூன்று தரங்களில் விற்பதும் உண்டு என்பதால், பெயரோடு பாக எண்ணையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு வாய்த்த வசதி எல்லா ஊருக்கும் வாய்த்ததன்று. ஒரு பக்கம் சங்ககிரி, இன்னொரு பக்கம் நாமக்கல் என்று லாரித் தொழிலே வாழ்வாக இருக்கும் ஊர்களுக்கு நடுவில் இருப்பதால், இங்கே பேரிங், ஆயில் சீல், போல்ட், ஓஸ், ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றை எண்ணைச் சொல்லி வாங்கும் கடைகள் உண்டு. பேரிங்குக்கு வண்டியின் பெயரே தேவையில்லை. 6204 என்று சொன்னால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் ஒன்றுதான். ஆயில் சீலிலும் இந்த மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் பேரிங்கை வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் விளிம்பில் பேரிங் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்கே போய்விட்டால் போதும். ஆனால் பேரிங்கில் போலிகள் மிகுதி. இதற்காகவே எஸ்.கே.எஃப். நிறுவனம் போலியைக் கண்டறிய ஒரு செயலியை வைத்திருக்கிறது. சந்தை விலையில் பாதிக்கு யாராவது இணையத்தில் பேரிங் விற்றால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். கிடைக்காத புஷ் ஒன்றைக் கடைந்து தருவதற்கு லேத் பட்டறையும், தேய்ந்த டிரம்மைச் சீர்செய்து தருவதற்கு ஆளும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். இந்த உதவி எந்தக் கூரியரிலும் வராது.

இணையத்தைப் பற்றி இவ்வளவு குறைகூறினாலும், அதனிடமிருந்து நான் பெற்ற பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. அது அங்கே வாங்கிய எந்தப் பொருளும் அன்று. பாக எண்ணும் அதிகபட்ச சில்லறை விலையும் முன்பெல்லாம் கவுன்டருக்கு அப்பால் இருந்த புத்தகத்தில்தான் இருந்தன; நாம் கேட்பவர்களாகவும் அவர் சொல்பவராகவும் இருந்தோம். இப்போது கைப்பேசியில் இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, எண்ணும் விலையும் ஒத்துப்போகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணைச் சொல்லியே கடையில் கேட்கிறேன். எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் கடைக்காரர் நடந்துகொள்ளும் விதமே வேறு. 'அது இருக்குது, அதே மாதிரி இன்னொண்ணும் இருக்குது, எது வேணும்?' என்று அவர் திறந்து பேசத் தொடங்குவார். பாக எண்கள் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. பழைய எண்ணுக்குப் பதிலாக வந்த புதிய எண் எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே இணையத்தில் எண்ணைத் தெரிந்துகொண்டு கடையில் அதைச் சரிபார்த்து வாங்குவதே என் அனுபவத்தில் மிகக் குறைந்த சேதத்துடன் முடிகிற வழி.

முழுக்க இணையத்திலேயே வாங்கும் பொருள்களும் உண்டு. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ரீடர், டார்க் ரென்ச், ஜாக் போன்ற கருவிகளை அங்கே வாங்கினேன். சேலத்தில் இவற்றில் இவ்வளவு வகைகளை ஒரே கடையில் பார்க்க முடிவதில்லை. தயாரிப்பு நின்றுபோன வண்டிகளின் கதவுக் கைப்பிடி, கண்ணாடி ரப்பர், டாஷ்போர்டு துண்டுகள் ஆகியவற்றுக்கும் இணையம்தான் வழி. எந்த ஊரின் கிடங்கிலோ தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டி அங்கே விற்பனைக்கு வருகிறது. முகப்பு விளக்கு பல்பில் மட்டும் ஒரு எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்காக வெளிச்சத்தைக் கூட்ட நினைப்பவர்கள், வழக்கமான 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் பல்பை இணையத்தில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்த மின்னோட்டத்துக்காக அமைக்கப்படாத ஒயரும் ஹோல்டரும் சூடேறி உருகிப்போனதை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். பனிமூட்டத்தில் வெளிச்சம் கூடினால் திரும்பிக் கண்ணில்தான் அடிக்கும். தாழ்வாகப் பொருத்திய மூடுபனி விளக்குதான் உதவும்.

பிரேக் பாகங்களையும் நான் இணையத்தில் வாங்குவதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டிலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருக்கும் சேலத்துக்கு, மூட்டையேற்றிய வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும்போது அந்த இறக்கத்தின் சுமையில் கணிசமான பகுதி வெப்பமாகி பிரேக்கில் சேர்கிறது. முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினின் தடையோடு இறங்க வேண்டும் என்பதை இங்கே எல்லா ஓட்டுநரும் அறிவர். அப்படி இறங்கினாலும் கீழ் வளைவுகளுக்கு வரும்போது சக்கரத்தருகே கருகிய வாடை வருவதுண்டு. நல்ல லைனருக்கும் போலி லைனருக்கும் உள்ள வேறுபாடு நகருக்குள் தெரியாது; அந்த வெப்பத்தில்தான் தெரியும். பெட்டியும் முத்திரையும் அசலைப் போலவே இருக்க, உள்ளே இருப்பது வேறாக இருக்கும் பாகங்களில் பிரேக் பேட், ஆயில் பில்டர், எஞ்சின் ஆயில் ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. பெயர் தெரியாத ஊரின் பெயர் தெரியாத விற்பனையாளரிடமிருந்து இவற்றை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

பிரேக் ஆயிலும் இதைச் சேர்ந்ததுதான். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230 டிகிரி. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. ஈரம் சேர்ந்த நிலையில் இந்த எல்லைகள் முறையே 140, 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகின்றன. கொதித்து ஆவிக்குமிழி உருவானால் பெடல் தரை வரை இறங்கும், பிரேக் பிடிக்காது. வெயிலில் கிடந்த கிடங்கிலிருந்து கூரியரில் உருண்டு வரும் பாட்டிலைவிட, தினமும் பத்துப் பட்டறைகள் வாங்கிச் செல்லும் கடையில் புதிதாக வந்த சிறு பாட்டிலே எனக்கு நம்பிக்கை தருகிறது. தயாரித்த மாதத்தைப் பார்த்து, முத்திரை உடையாததைப் பார்த்து வாங்குவேன். திறந்து மீந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதில்லை. வண்டியின் கையேட்டில் எந்த வகை சொல்லப்பட்டிருக்கிறதோ அதுவே.

கடைக்காரர்களைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்வதும் நேர்மையாகாது. பில் கேட்டால் "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும்ங்க" என்று சொல்லும் கடைகள் இன்றும் உண்டு. வரி ஏற்கெனவே அதிகபட்ச சில்லறை விலைக்குள் அடக்கம் என்பதை அவர் அறியாதவரல்லர். 'கம்பெனி பொருள்தான்' என்று சொல்லிப் பெட்டியில்லாத பாகத்தைக் கையில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மின்பாகங்களை விற்றால் எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. சென்சார், ரிலே, இக்னிஷன் காயில் எதுவானாலும் கவுன்டரைத் தாண்டினால் நம்முடையதுதான். மெக்கானிக்கை அனுப்பி வாங்கினால் கடையிலிருந்து அவருக்கு ஒரு பங்கு போகும். இது ஊரறிந்த வழக்கம், இதற்காக நான் யாரிடமும் சண்டை போடுவதில்லை. ஆனால் அந்தப் பங்கு எங்கே அதிகமோ அந்தக் கடையின் பாகமே என் வண்டிக்கு வரும் என்பதால், பிரேக், கிளட்ச் போன்றவற்றை நானே நேரில் சென்று வாங்கிக் கொடுக்கிறேன். அதற்கு ஈடாகக் கூலியில் நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிடுவது உறவைக் காப்பாற்றுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஒரே சீராக ஆக்கப்பட்டது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய சரக்கின் பெட்டியில் பழைய விலையே அச்சிட்டிருக்கும் என்பதால், பில்லில் எந்த வரி போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது இப்போது பயனுள்ள பழக்கம். பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட்ட விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேறு பெட்டி கேட்பேன்.

இணையத்தில் ஏமாற்றம் நேர்ந்தால் சட்டத்தின் துணை எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இதற்கெல்லாம் சான்று வேண்டும் என்பதால், பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுத்துவைக்கிறேன். பில்லில்லாமல் உள்ளூரில் வாங்கியவரைவிட, எல்லாம் பதிவாகியிருக்கும் இணையத்தில் வாங்கியவரின் கை இந்த ஒரு விஷயத்தில் மேலோங்கி இருக்கிறது என்பதை உள்ளூர்க் கடைகள் உணர்ந்தால் நல்லது.

பேட்டரியை எப்போதும் உள்ளூரிலேயே வாங்குகிறேன். பழைய பேட்டரிக்கு அங்கேயே விலை கழித்துவிடுவார்கள். அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன, கடைகளும் அந்த வழியில் எடுத்துக்கொள்கின்றன. வாரண்டி அட்டையில் முத்திரையிட்டுத் தந்தவரே, ஏற்காட்டுக் குளிர்காலையில் வண்டி கிளம்பாவிட்டால் பரிசோதித்துப் பார்க்க வேண்டியவர். டயரில் நிலைமை சற்று வேறு. 215/75 ஆர்15 என்ற அளவில் குழப்பத்துக்கு இடமில்லை. இணைய விலையை வைத்துக்கொண்டு கடையில் பேரம் பேசினால் பெரும்பாலும் அதற்கு அருகே வந்துவிடுவார்கள், மாட்டுவதும் பேலன்ஸ் செய்வதும் அங்கேயே முடிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களை மட்டும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி மிகுதியாக இருக்கும் டயர்களில் இந்த எண் பழையதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஏற்காடு ஊருக்குள் இருக்கும் சிறு கடைகளில் பைக் கேபிள், பிளக், டியூப், பல்பு போன்றவை கிடைக்கும். அதற்கு மேல் என்றால் சேலம்தான். கூரியர்க்காரர் ஊருக்குள் வருவார். எங்கள் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை, போன் செய்து வரச் சொல்வார். வடகிழக்குப் பருவமழையில் பாறை சரிந்து சாலை அடைபட்டால், குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். அப்போது இணையத்தில் காட்டும் 'நாளை வந்துசேரும்' என்பதற்குப் பொருளில்லை. சேலத்துக் கடைக்காரரோ, போனில் சொன்னால், மேலே வரும் காய்கறி வண்டியில் பொருளைக் கொடுத்தனுப்பி, பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வார். இருந்தாலும் பேன் பெல்ட், ரேடியேட்டர் ஓஸ், கிளிப், பியூஸ், ஒரு சிறு பாட்டில் பிரேக் ஆயில் ஆகியவற்றைத் தோட்டத்து வீட்டிலேயே வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றை அவசரமின்றி முன்கூட்டியே வாங்குவதால், பிரேக் ஆயிலைத் தவிர மற்றவற்றுக்கு இணையத்தின் தள்ளுபடியையும் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

அண்மைக் காலமாகக் கடைக்காரர்களின் வழியும் மாறிவருகிறது. கழற்றிய பாகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கையிருப்பு உண்டா, என்ன விலை, எந்தப் பெட்டி என்று படத்தோடு பதில் வருகிறது. அவரிடம் இல்லாததை அவரே மொத்த விற்பனையாளரிடம் கேட்டு அடுத்த நாள் வரவழைத்துத் தருகிறார். இதற்கென்று கூடுதலாக எதுவும் கேட்பதில்லை, முன்பணம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

கடை, இணையம் என்ற இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கும் புதிய வகை வண்டி ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மகள் கல்லூரிக்கு ஓட்டும் மின்சார ஸ்கூட்டருக்கு டயரும் பிரேக் பேடும் வெளியில் கிடைக்கின்றன. கன்ட்ரோலர், டிஸ்ப்ளே, சார்ஜர் போன்றவை ஸ்பேர்ஸ் கடையிலும் இல்லை, நம்பத்தக்க விற்பனையாளரிடம் இணையத்திலும் இல்லை. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில்தான் கேட்டுக் காத்திருக்க வேண்டும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தில் வண்டித் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிறுவனம் அங்கே என்ன விவரம் தந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்தப் பாகத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி, அதே வண்டியை வாங்க வந்து என்னிடம் விசாரித்த உறவினர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன்.